பிளஸ் ஒன்ல பயோ மேத்ஸா, காமர்ஸா? பொண்ணு ஒண்ணு சொல்றா, சொந்தக்காரங்க ஒண்ணு சொல்றாங்க, எப்படி முடிவு பண்றது?

கேள்வியில நீங்க குடுத்த விவரத்தை முதல்ல எடுத்து வச்சுக்கறேன். பொண்ணு பத்தாவதுல 500க்கு 418, கணக்குல 68, அறிவியல்ல 84. ஆறாவதுல இருந்தே அரசுப் பள்ளி. அவ காமர்ஸ்தான் வேணுங்கறா, சித்தப்பா பெரியப்பா எல்லாரும் "பயோ மேத்ஸ் எடுத்துட்டா டாக்டர், இன்ஜினியர் ரெண்டு பக்கமும் வழி இருக்கும், காமர்ஸ் எடுத்தா பேங்க்ல கிளார்க்தான்"ங்கறாங்க, நீங்க நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறீங்க.

நான் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில பிஜி மேத்ஸ் வாத்தியார். மே மாசம் ரிசல்ட் வந்ததும் பிளஸ் ஒன் அட்மிஷன் டேபிள்ல எங்களைத்தான் உக்கார வைப்பாங்க, அதனால இந்தக் கேள்வியை வருசா வருசம் நேர்லயே கேக்கறவன் நான். என் அனுபவத்துல குரூப் பேரு, குரூப் நம்பர் இதெல்லாம் தலையைக் குழப்பற விஷயம், கேட்டுக்க வேண்டியது ரெண்டே கேள்விதான். கணக்கு வேணுமா? உயிரியல் வேணுமா? இது ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா குரூப் தானா வந்து நிக்கும்.

முதல்ல கணக்கு. பத்தாவதோட கணக்கை விட்டுட்டா பின்னாடி அதைத் திரும்பப் பிடிக்கறது ரொம்பக் கஷ்டம். டிஎன்ஈஏ இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல 200க்கு கட்ஆஃப் போடறாங்கல்ல, அதுல 100 கணக்கு, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50. கணக்கு இல்லன்னா அந்தப் பக்கமே போக முடியாது (வொகேஷனல், அதாவது தொழிற்கல்வி குரூப் பசங்களுக்கு மட்டும் தனி ஒதுக்கீடு இருக்கு). ஆர்க்கிடெக்சர், மெர்ச்சன்ட் நேவி, ராணுவ அதிகாரி ஆகறதுக்கான என்டிஏல ஏர்போர்ஸ், நேவி இதுக்கெல்லாமும் கணக்கும் பிசிக்ஸும் கேப்பாங்க. உயிரியலை விட்டா போறது மருத்துவம், நர்சிங், லேப் டெக்னீசியன், கால்நடை, விவசாயத்துல பெரும்பகுதி. பிபார்முக்குக் கூட பிசிக்ஸ் கெமிஸ்ட்ரியோட கணக்கு இருந்தாலே போதும், பயாலஜி கட்டாயம் இல்ல, இது நிறைய பேருக்குத் தெரியாது. காமர்ஸ் பாடத்தை விட்டா என்ன போகும்னு யோசிச்சா பெருசா ஒண்ணும் போகாது, சயின்ஸ் படிச்சவனும் ஆடிட்டர் ஆகறதுக்கான சிஏவோட முதல் பரீட்சை பவுண்டேஷன் எழுதலாம், அஞ்சு வருஷ லா எந்த குரூப்புக்கும் உண்டு, பேங்க் பரீட்சை, யுபிஎஸ்சி எல்லாம் எந்த டிகிரியா இருந்தாலும் சரி.

இதைப் படிச்சதும் "அப்ப பெரியப்பா சொன்னதுதானே சரி"ன்னு தோணும். பேப்பர்ல பாத்தா சரிதான். ஆனா அந்த ரெண்டு வழியையும் தொறந்து வைக்கறதுக்கு ஒரு விலை இருக்கு, அதை யாரும் சொல்றதில்ல. பயோ மேத்ஸ்னா பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கு மூணும் ரெண்டு ரெண்டு தொகுதி, அதுக்கு மேல உயிரியல்ல தாவரவியல் தனிப் புக்கு, விலங்கியல் தனிப் புக்கு, இது போக தமிழ், இங்கிலீஷ். நாலு பாடம்னு பேரு, பையை தூக்கிப் பாத்தாதான் தெரியும். டாக்டர் ஆகணும்னு நிஜமாவே துடிக்கற புள்ளையும் கணக்கு நல்லா வர்ற புள்ளையும் அதைத் தூக்கிரும், ரெண்டும் இல்லாம "எதுக்கும் இருக்கட்டும்"னு சேந்த புள்ளைங்கதான் காலாண்டுப் பரீட்சையில நாலு பாடத்துலயும் நாப்பதுக்குக் கீழ வாங்கிட்டு வந்து நிக்கும்.

இப்ப உங்க பொண்ணோட மார்க்குக்கு வரேன். 68ங்கற நம்பரை அப்படியே வச்சு எதையும் சொல்ல முடியாது, அதைப் பிரிச்சுப் பாக்கணும். பத்தாவது கணக்கு பேப்பர்ல ஒரு மார்க் 14, ரெண்டு மார்க் 10, அஞ்சு மார்க் 10, கடைசியில எட்டு மார்க்ல ரெண்டு, ஒண்ணு ஜியோமெட்ரி, ஒண்ணு கிராஃப். அந்த 16 மார்க்கை நாங்களே போட்டுப் போட்டுக் கை பழக்கி விட்டுருவோம், சுமாராப் படிக்கற பையன் கூட தூக்கத்துல எழுப்பிக் கேட்டா தொடுகோடு வரைவான். ஒரு மார்க்ல நிறைய புக் பேக்ல, அதாவது பாடத்துக்குக் கடைசியில இருக்கற கேள்வியில இருந்தே வந்துரும். ஆக 30 மார்க் கிட்ட இயற்கணிதமே தெரியாம வாங்கலாம். பிளஸ் ஒன் கணக்குல காம்பஸை எடுக்கற வேலையே கிடையாது, தொறந்த உடனே கணங்கள், சார்புகள், அப்புறம் அடிப்படை இயற்கணிதம், அப்புறம் முக்கோணவியல். அதனால 68ல மிச்சம் எங்க இருந்து வந்துச்சுன்னுதான் நான் பாப்பேன்.

போன வருஷம் ஒரு அப்பா வந்தாரு, மார்க்கெட்ல லோடு ஏத்தற வேலை, தோள்ல துண்டோட நேரா அங்க இருந்தே வந்திருந்தாரு. "சார், கம்ப்யூட்டர் குரூப்பு குடுத்துருங்க, இவன் ஐடி கம்பெனிக்குப் போணுமாம்." பையன் கணக்குல 71. நான் ஒரு பேப்பரைத் திருப்பிப் போட்டு ஒரு இருபடிச் சமன்பாடு எழுதி, "இதைப் போடு தம்பி"ன்னேன். அவன் பேனாவை வாங்கிட்டு ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தான். அப்புறம் மெதுவா, "சார், நான் கிராஃபு, ஜியோமெட்ரி, அப்புறம் கேள்வி தெரிஞ்சதுதான் சார் போட்டேன்"னான். அவங்கப்பாவுக்கு ஒண்ணும் புரியல, "எழுபத்தொண்ணு எடுத்திருக்கான் சார்"ங்கறாரு. அவன் காமர்ஸ்ல சேந்தான், இப்ப அக்கவுன்டன்சில எங்க ஸ்கூல்ல அவன்தான் முன்னாடி நிக்கறான். அதே வாரம் ஒரு பொண்ணு 58தான், ஆனா ஜியோமெட்ரிக்கும் கிராஃபுக்கும் நேரம் பத்தலன்னு விட்டுட்டு வந்திருக்கு, கணக்கு குடுத்தா நிமிஷத்துல காரணிப்படுத்திக் காட்டுச்சு, அதுக்கு உயிரியலுக்குப் பதிலா கம்ப்யூட்டர் இருக்கற கம்ப்யூட்டர் மேத்ஸ் குடுத்தேன். மார்க் வரிசைப்படி குடுத்திருந்தா ரெண்டும் தலைகீழா போயிருக்கும்.

அறிவியல் 84க்கும் இதே கதைதான். அதுல செய்முறை 25, அது அநேகமா எல்லாருக்கும் முழுசா விழும், ஆக தியரில 75க்கு 59. மோசம் இல்ல. ஆனா அதுல எவ்வளவு படம் வரைஞ்சு, மனப்பாடமா எழுதுனது, எவ்வளவு இயற்பியல் கணக்கு போட்டதுன்னு பொண்ணுகிட்டயே கேளுங்க, அவளுக்குத் தெரியும்.

"கணக்குதான வேணாம், பியூர் சயின்ஸ்ல போட்டுரலாம், பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி பாட்னி ஜுவாலஜி"ன்னு சில பேர் நடுவழி சொல்லுவாங்க. நர்சிங்தான், விவசாயம்தான்னு முடிவோட வர்ற புள்ளைக்கு நல்ல குரூப்தான். கணக்குக்குப் பயந்து அங்க ஒளியலாம்னு நினைச்சா நடக்காது. பிளஸ் ஒன் பிசிக்ஸ் ரெண்டாவது பாடமே இயக்கவியல், அதுல வெக்டர் வருது, வகையிடல் தொகையிடல் வருது. கணக்குப் புக்குல அதே வகையிடல் ரெண்டாவது தொகுதியிலதான் இருக்கு, கணக்கு குரூப் பசங்களுக்கே அது வந்து சேர பல மாசம் ஆகும். ஜூலை மாசம் எங்க பிசிக்ஸ் சார் என்கிட்ட வந்து "கொஞ்சம் டிஃபரன்ஷியேஷன் மட்டும் முன்னாடி நடத்திக் குடுங்க"ன்னு கேப்பாரு, நானும் நடத்துவேன். பியூர் சயின்ஸ் பசங்களுக்கு அதைக் கூட யாரும் நடத்தறதில்ல. நீட்டுலயும் 180 கேள்வியில 90 பயாலஜி, மீதி பாதி பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும்தான், அந்த பிசிக்ஸ்தான் நிறைய பேரை மடக்கிப் போடுது.

கம்ப்யூட்டர் பத்தியும் ஒண்ணு சொல்லிடறேன். சிஎஸ்ஈ, அதாவது கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கணும்னா பிளஸ் டூல கம்ப்யூட்டர் குரூப்தான் எடுக்கணும்னு ஊரே நம்புது. தேவையில்ல, கட்ஆஃப்ல கம்ப்யூட்டர் மார்க் சேர்றதே இல்ல, பயோ மேத்ஸ் புள்ளையும் அதே சீட்டு வாங்கலாம். அதே மாதிரி பயோமெடிக்கல் இன்ஜினியரிங்குக்கு பயாலஜி கட்டாயமும் இல்ல. இன்னொரு குழப்பம், காமர்ஸ்ல வர்ற கம்ப்யூட்டரும் சயின்ஸ்ல வர்ற கம்ப்யூட்டரும் வேற வேற புக்கு. கம்ப்யூட்டர் சயின்ஸ்ல சி பிளஸ் பிளஸ், அடுத்த வருஷம் பைத்தான், காமர்ஸ்ல இருக்கறது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ், அது வெப் பேஜ், பிஹெச்பி இந்த மாதிரி.

காமர்ஸ்னா கிளார்க்குன்னு சொல்ற பெரியப்பாவுக்கு என்ன பதில்னா, அவர் ஊர்ல யாராவது ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட ஆடிட்டர் ஆபீஸ் வாசல்ல காத்துக் கெடக்கறாங்களான்னு கேட்டுப் பாருங்க. சிஏல பவுண்டேஷன், இன்டர், ஃபைனல்னு மூணு கட்டம், 2023ல வந்த புது முறையில ஆடிட்டர்கிட்ட வேலை பழகற ஆர்ட்டிகிள்ஷிப் ரெண்டு வருஷமா குறைஞ்சிருக்கு. லேசான படிப்பு இல்ல, இன்டர்லயே நிறைய பேர் நின்னுடுவாங்க, அதையும் தெரிஞ்சுக்கிட்டே போங்க. சிஎம்ஏ (காஸ்ட் அக்கவுன்டன்ட் படிப்பு), கம்பெனி செக்ரட்டரி, லா எல்லாம் பக்கத்துலயே இருக்கு. காமர்ஸ்ல எனக்குப் பிடிச்ச விஷயம், அக்கவுன்டன்சிங்கறது பத்தாவது வரைக்கும் எவனும் பாக்காத பாடம், பற்று வரவுல இருந்து எல்லாரும் ஒரே கோட்டுல இருந்துதான் ஓட ஆரம்பிக்கறாங்க, பழைய பாக்கி எதுவும் இல்ல.

அதுலயும் முடிஞ்சா பிசினஸ் மேத்ஸ் இருக்கற காமர்ஸ் குரூப்பா பாருங்க. அதுல அணிகள், வகையிடல், புள்ளியியல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வரும், எக்கனாமிக்ஸ், பிசிஏ மாதிரி படிப்புக்கு நிறைய காலேஜ்ல அதை ஏத்துக்கறாங்க, சிஏ பவுண்டேஷன்ல குவான்டிடேட்டிவ் ஆப்டிடியூட்னு ஒரு பேப்பரே இருக்கு, அதுக்கும் உதவும். எல்லா அரசுப் பள்ளியிலயும் இந்த குரூப் இருக்காது, பக்கத்து ஊர்ல விசாரிங்க.

ஊர் மாத்தி விசாரிக்கும்போது ஒண்ணே ஒண்ணு, அரசுப் பள்ளியை விட்டு வெளிய போயிராதீங்க. பத்தாவதுல நல்ல மார்க் வந்ததும் பிளஸ் ஒன்னுக்கு மட்டும் தனியார்ல கடன் வாங்கிக் கட்டிச் சேக்கறவங்களைப் பாத்தா எனக்கு வயிறு எரியும். 7.5 சதவீத உள்ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020ல வந்துச்சு, அடுத்த வருஷமே இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை, சட்டம் வரைக்கும் வந்துருச்சு. அது ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு, அந்த ஒதுக்கீட்டுல சீட் கெடைச்சா கட்டணத்தை அரசாங்கமே கட்டுது. பத்து வரைக்கும் இங்க படிச்சுட்டு கடைசி ரெண்டு வருஷத்துல மாறுனா அம்புட்டும் போச்சு. காலேஜ் போனா மாசம் 1000 ரூபா வர்ற புதுமைப்பெண் திட்டத்துக்கும் இதே மாதிரி நிபந்தனை இருக்கு. சில தனியார் பள்ளிங்கள்ல பிளஸ் ஒன் பாடத்தையே ஒதுக்கிட்டு ரெண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தற பழக்கம் வேற இருந்துச்சு, அதை நிறுத்தத்தான் 2017-18ல பிளஸ் ஒன்னுக்குப் பப்ளிக் வச்சாங்க. 2025ல வந்த மாநிலக் கல்விக் கொள்கையில அந்தப் பப்ளிக்கை எடுக்கறதா சொல்லிட்டாங்க, பழைய கூத்து திரும்ப ஆரம்பிக்காம இருந்தா சரி.

பாலிடெக்னிக் பத்தி நீங்க கேக்கல, இருந்தாலும் ஒரு வார்த்தை. பத்தாவது முடிச்சு மூணு வருஷ டிப்ளமோ, அப்புறம் வேணும்னா நேரா பிஇ ரெண்டாவது வருஷம். கையில வேலை வரணும்னு ஆசைப்படற புள்ளைக்கு நல்ல வழி, மார்க் கம்மியானவங்கதான் போவாங்கன்னு நினைக்காதீங்க.

உங்க வீட்டு விஷயத்துக்கு, ஒரு சனிக்கிழமை இதைச் செஞ்சு பாருங்க. தமிழ்நாடு பாடநூல் எல்லாமே நெட்ல இலவசமா பிடிஎஃப் கெடைக்குது, பிளஸ் ஒன் கணக்கு, உயிரியல், அக்கவுன்டன்சி மூணுலயும் முதல் பாடத்தைப் பொண்ணு கையில குடுத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு மணி நேரம் விடுங்க, பக்கத்துல உக்காந்து தொணதொணக்காதீங்க. கூடவே பத்தாவது கணக்குல இருந்து ஒரு காரணிப்படுத்தல், ஒரு இருபடிச் சமன்பாடு, ஒரு முக்கோணவியல் முற்றொருமை. மூணையும் சரியாப் போட்டு, உயிரியல் புக்கையும் அவளே விரும்பிப் பக்கம் திருப்புனா சித்தப்பா சொல்றதை யோசிக்கலாம். கணக்கு மட்டும் வந்துச்சுன்னா கம்ப்யூட்டர் மேத்ஸ். கணக்குல தடுமாறி, அக்கவுன்டன்சியில மூணாவது பக்கம் தாண்டிப் போயிட்டான்னா அவ கேட்ட காமர்ஸையே சேத்து விடுங்க. அவ காமர்ஸ் கேக்கறது தோழி எடுக்கறாங்கறதுக்காகவான்னும் இதுல தெரிஞ்சிரும்.

சேந்து ரெண்டு மூணு வாரத்துல ஒத்து வரலன்னா தலைமை ஆசிரியரைப் பாத்துக் கேளுங்க, சீட் இருந்தா மாத்திக் குடுப்போம், பரீட்சை எழுதறவங்க பட்டியலான நாமினல் ரோல்ல பேர் ஏறிட்டா ரொம்பக் கஷ்டம். அட்மிஷனுக்குப் போறப்ப பொண்ணையும் கூட்டிட்டுப் போங்க. டேபிள்ல இருக்கற வாத்தியார் எந்த குரூப் வேணும்னு கேட்டா அவ வாயாலயே சொல்லட்டும், நீங்க முந்திக்கிட்டு பதில் சொன்னா எங்களுக்குச் சுர்ருன்னு கோவம் வரும்.