சாயங்காலம் ஆனால் வயிறு உப்புகிறதே, டாக்டர்!

வாசகர் கேள்விகளுக்கு மதுரை பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு 39 வயது. இரண்டு குழந்தைகள், இரண்டுமே சிசேரியன். ஐந்து வாரத்துக்கு முன்னால் வயிற்றில், கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் செய்துகொண்டேன். காலையில் எழும்போது வயிறு ஓரளவு தட்டையாக இருக்கிறது. சாயங்காலம் உப்பிவிடுகிறது, பழைய சுடிதார்கூட இறுக்குகிறது. அதோடு தொப்புளுக்கு மேலே நடுவில் ஒரு மேடு. படுத்திருந்தால் தெரியாது, படுக்கையிலிருந்து எழும்போது கூம்பாகப் புடைக்கிறது. ஆபரேஷன் செய்த இடத்தில் கேட்டால், “வீக்கம்தான், போகப்போகச் சரியாகிவிடும்” என்கிறார்கள். மாமியார் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறார். இவ்வளவு பணத்தைக் கொட்டி ஏமாந்துவிட்டேனா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: முதலில் அந்த வெந்நீர்ப் பையை எடுத்து உள்ளே வையுங்கள். லைப்போசக்‌ஷன் செய்த இடத்தில் தோலுக்குச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட உணர்ச்சி மந்தமாக இருக்கும். சுடுகிறது என்பதே தெரியாது. ஒத்தடம் கொடுத்துக் கொப்புளத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார். டாக்டர் வேண்டாம் என்றதாகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு பிரச்சினைகள் இருக்கின்றன. சாயங்கால உப்பல் ஒன்று, நடுவில் புடைக்கிற மேடு இன்னொன்று. இரண்டையும் “வீக்கம்” என்று ஒரே பதிலில் அடக்கியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

உப்பலைப் பற்றிக் கவலை வேண்டாம். கொழுப்பை உறிஞ்சுவதற்கு முன் உப்பு நீரில் மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்னும், ரத்தக்கசிவைக் குறைக்கும் அட்ரினலினும் கலந்து தோலுக்கடியில் நிறைய ஏற்றுவோம். 1980களில் கலிஃபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி க்ளைன் கொண்டுவந்த முறை இது. ரத்த இழப்பு வெகுவாகக் குறைந்தது இதனால்தான். ஏற்றிய நீரில் ஒரு பங்கு உள்ளேயே தங்கி, மெல்ல உடம்பில் கலக்கும். முதல் சில நாட்களில் எடை மிஷினில் ஏறி நின்று பலர் அழுவது இதற்காகத்தான். அது வடிந்த பிறகும், குழாய் போய்வந்த இடமெல்லாம் உள்காயம். அங்கிருக்கிற நிணநீர்க் குழாய்களும் அடிபட்டிருக்கும். அவை தேறும்வரை நீர் மெதுவாகத்தான் வடியும். பகலெல்லாம் நின்று வேலை செய்தால் அந்த நீர் அடிவயிற்றுக்கும் அதற்குக் கீழேயும் இறங்கும். இரவு படுத்தால் குறையும். காலையில் தட்டை, மாலையில் உப்பல் என்றால் பெரும்பாலும் இதுதான். ஐந்தாவது வாரத்தில் இது சகஜம். மூன்று மாதத்தில் பெரும்பகுதி வடிந்துவிடும். முழு வடிவம் தெரிய ஆறு மாதம் ஆகலாம். தொட்டால் அங்கங்கே கெட்டியாக, முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படுவதும் இந்தக் காலத்தில் உண்டு, அதுவும் இளகும்.

ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றை அழுத்திப் பிடிக்கக் கட்டச் சொல்கிற பெல்ட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. நம் ஊர் வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்பது கொடுமைதான். ஆனால் உட்காரும்போது அது சுருண்டு வயிற்றில் கோடு விழுந்தால், கோட்டுக்கு மேலேயும் கீழேயும் வீங்கும். இன்னும் இறுக்கினால் சீக்கிரம் வற்றும் என்பதும் தவறு. சுருளாத அளவில் இரண்டு வாங்கி மாற்றி மாற்றித் துவைத்துப் போடுங்கள். எத்தனை நாள் என்பதை உங்கள் சர்ஜன்தான் சொல்ல வேண்டும். பொதுவாக நாலிலிருந்து ஆறு வாரம் சொல்வோம்.

ஓர் இடம் மட்டும் உப்பி, தட்டினால் உள்ளே நீர் அலைவது தெரிந்தால் அது நீர்க்கட்டு. மருத்துவமனையில் ஊசி போட்டு நீரை எடுத்துவிடலாம். சிலருக்கு இரண்டு மூன்று தடவை எடுக்க வேண்டிவரும். விளக்கெண்ணெய் போட்டு உருவினால் போகாது.

இனி அந்த மேடு. படுத்தால் மறைந்து, எழும்போது புடைப்பதை வீக்கம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கர்ப்பத்தில் வயிற்றின் நடுவே இருக்கிற இரண்டு நீளத் தசைகளும் விலகும். சிலருக்கு அவை திரும்பச் சேர்வதில்லை. லைப்போசக்‌ஷன் எடுப்பது தோலுக்கும் தசைக்கும் நடுவில் இருக்கிற கொழுப்பை மட்டும்தான். தசை விலகலை அது தொடுவதே இல்லை. உங்களுக்கு அந்த மேடு முன்பே இருந்திருக்கலாம். மேலே மூடியிருந்த கொழுப்பு போனதும் வெளியே தெரிகிறது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தலையை மட்டும் தூக்கித் தொப்புளுக்கு மேல் விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் விலகல்தான் என்று சந்தேகிக்கலாம். ஆபரேஷனுக்கு முன்பே உங்களைப் படுக்கவைத்து இதைச் சோதித்துச் சொல்லியிருக்க வேண்டும். அழகு சிகிச்சையில் பேக்கேஜ் விலை பேசுகிற வேகத்தில் விட்டுப்போவது இதுதான்.

அதே இடத்தில் குடலிறக்கமும் வரலாம். அதனால் வயிற்றுச் சுவருக்கு ஓர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுங்கள்; படுத்தபடியும், இருமி முக்கும்போதும் பார்க்கச் சொல்லுங்கள். விலகல் மட்டும்தான் என்றால் அவசரமே இல்லை. உங்கள் சர்ஜன் அனுமதித்த பிறகு பிசியோதெரபிஸ்ட் சொல்கிற பயிற்சிகளைச் செய்யலாம். யூடியூப் பார்த்து சிட்-அப் மட்டும் போடாதீர்கள். தசையைச் சேர்த்துத் தைக்கிற ஆபரேஷன் தேவையா என்பதை வீக்கம் முழுக்க வடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஏமாந்தீர்களா என்று ஐந்தாவது வாரத்தில் யாரும் சொல்ல முடியாது. ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், காலையில் மட்டும், இரண்டு வாரத்துக்கு ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். சாயங்காலக் கண்ணாடி வேண்டாம்.

காய்ச்சல், பரவுகிற சிவப்பு, நாற்றத்தோடு கசிவு, மேடு கல்லாக இறுகி வலியும் வாந்தியும், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத்திணறல் - இவற்றில் எது வந்தாலும் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

கேள்வி: வயது 46. தொந்தி பெரிசு, ஆனால் அழுத்தினால் கெட்டியாக இருக்கிறது. லைப்போசக்‌ஷனில் எத்தனை கிலோ குறையும்?
- வாசகர், திருப்பூர்

பதில்: விரலால் பிடித்தால் மடிப்பு வருகிறதா? வராவிட்டால் உங்கள் கொழுப்பு தசைக்கு உள்ளே, குடலைச் சுற்றி இருக்கிறது. எங்கள் குழாய் அங்கே போகாது, போகவும் கூடாது. அதைக் குறைக்க நடையும் சாப்பாடும்தான் வழி. லைப்போசக்‌ஷன் எடை குறைக்கிற சிகிச்சையே அல்ல. அந்தப் பணத்தில் முதலில் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் பார்த்துவிடுங்கள்.