இன்ஜெக்டரைக் கழுவினால் போதாது, ரப்பரையும் மாற்றுங்கள்

கேள்வி: அண்ணன் துபாயில் இருப்பதால் அவருடைய பெட்ரோல் கார் எட்டு மாதமாக ஷெட்டிலேயே நின்றது. இப்போது ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஐடிலிங்கில் குலுங்குகிறது. இன்ஜெக்டரை வீட்டிலேயே கழற்றிச் சுத்தம் செய்யலாமா? (கீழக்கரை வாசகர்)

பதில்: இன்டேக் மேனிஃபோல்டில், அதாவது இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயில், உட்கார்ந்து பெட்ரோல் தெளிக்கும் சாதாரண மல்டிபாயின்ட் (சிலிண்டருக்கு ஒன்று) இன்ஜெக்டர் என்றால் செய்யலாம். ஆனால் ஸ்பேனரை எடுக்கும் முன் அதன் வயர் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தாலும் வண்டி இப்படித்தான் மிஸ் அடிக்கும். இன்ஜெக்டரின் இரண்டு பின்களிலும் மல்டிமீட்டர் வையுங்கள். பெரும்பாலான கார்களில் 11 முதல் 16 ஓம் காட்டும். மற்றவை ஒன்றுபோலக் காட்ட, ஒன்று மட்டும் வெகுவாக விலகினால் அதன் காயில் போய்விட்டது. அதை எவ்வளவு கழுவினாலும் பலனில்லை. டாங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலையும் இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கழுவிய இன்ஜெக்டரில் அதே பிசின் மறுபடி படியும்.

வேலையை ஷெட்டுக்குள் வேண்டாம், திறந்தவெளியில், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு செய்யுங்கள். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை உருவிவிட்டு இன்ஜினை ஓடவிடுங்கள், தானாக அணையும். அதற்குமேல் மூன்று விநாடி செல்ஃப் அடித்துவிட்டு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். அப்போதும் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துத் தரும் குழாய்) கொஞ்சம் பெட்ரோல் மிச்சமிருக்கும், அடியில் துணி வையுங்கள்.

நம் ஊரில் பலர் கோட்டைவிடுவது அடுத்த கட்டத்தில். இன்ஜெக்டர் உட்கார்ந்திருக்கும் குழியைச் சுற்றி மணல் தேங்கியிருக்கும். காற்றடித்து அதை முழுக்க விரட்டிய பிறகே ரெயிலை நேராக, இரண்டு பக்கமும் சமமாக மேலே தூக்குங்கள். உள்ளே விழும் மணல் வால்வு சீட்டையும் சிலிண்டர் சுவரையும் கீறும். இன்ஜெக்டரின் மேலும் கீழும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இருக்கும்; அடி ஓ-ரிங் துளையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, துளைகளைச் சுத்தமான துணியால் அடையுங்கள்.

இன்ஜெக்டரின் மேல்வாயில் ஒரு ரப்பர் டியூபை இறுக்கி, கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை அதன் வழியே செலுத்துங்கள். இன்ஜெக்டரைத் திறக்க, அதன் பின்களில் இணைத்த 9 வோல்ட் பேட்டரியும் அழுத்து சுவிட்சும் போதும்: அரை விநாடி அழுத்துங்கள், அரை விநாடி விடுங்கள். கார் பேட்டரியை நேரடியாக வைத்துப் பிடித்தால் காயில் கருகும். சுவிட்சில் பொறி வரும் என்பதால் வயரை நீளமாக விட்டு, காற்று வரும் பக்கம் தள்ளி வையுங்கள். முதலில் பழுப்பாக ஒழுகும். பிறகு பனிபோல விரியும். நாலு இன்ஜெக்டரும் ஒரே மாதிரி விரிய வேண்டும். ஒன்று மட்டும் ஒரு பக்கமாகக் கோடு போட்டு அடித்தால் அடைப்பு இன்னும் போகவில்லை. சுவிட்சை விட்டதும் நுனி உலர்ந்து நிற்க வேண்டும், சொட்டிக்கொண்டே இருந்தால் புதிதுதான் வாங்க வேண்டும். துளையை ஊசியாலோ கம்பியாலோ குத்தவே கூடாது. மேல்வாய்க்குள் இருக்கும் சிறு வடிகட்டியை, புதியது கையில் இருந்தால் மட்டும் பிடுங்குங்கள்.

கேள்வி: கழுவி, பழைய ஓ-ரிங்கையே போட்டுப் பூட்டினேன். இப்போது பெட்ரோல் வாடை வருகிறது, ஐடிலிங்கும் ஏறிவிட்டது. (மண்டபம் வாசகர்)

பதில்: முதலில் வண்டியை எடுக்காதீர்கள். மேல் ரிங் சுமார் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தடுக்கிறது. அது கசிந்தால் சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டும். கீழ் ரிங் வெளிக்காற்றைத் தடுக்கிறது. அது விட்டால் அளவில் சேராத காற்று உள்ளே போய் ஐடிலிங் ஏறும், ஸ்கேனரில் பி0171 (பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்) என்ற கோளாறு எண் வரலாம். உங்களுக்கு இரண்டுமே விட்டிருப்பதாகத் தெரிகிறது.

வருடக்கணக்கில் சூட்டில் நசுங்கிக் கிடந்த ரப்பர், ஒருமுறை கழற்றினால் பழைய இடத்தில் சரியாக உட்காராது. விரலில் உருட்டிப் பாருங்கள், ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். நகத்தால் அழுத்தினால் தடம் அப்படியே நிற்கும். வைட்டான் (ஒரு வகைச் செயற்கை ரப்பர்) ரிங் கேட்டு வாங்குங்கள், இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் சூட்டுக்கும் அது தாங்கும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ரிங் பெட்ரோலில் ஊதிப்போகும். பழைய பாஷ் வகை இன்ஜெக்டர்கள் பலவற்றுக்கு உள்விட்டம் 7.52, தடிமன் 3.53 மில்லிமீட்டர். இருந்தாலும் உங்களுடையதை அளந்தே வாங்குங்கள். சில கார்களில் மேல், கீழ் ரிங்குகள் வெவ்வேறு அளவு.

பழைய ரிங்கை எடுக்க இரும்புக் கத்தி வேண்டாம், பள்ளத்தில் கீறல் விழுந்தால் புது ரிங்கும் கசியும். புதியதற்குச் சுத்தமான இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு தடவி, நேராக அழுத்துங்கள். சிலிக்கான் பேஸ்ட் பூசி அடைக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அது ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கும். பொருத்தியபின் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் விரலால் திருகிப் பாருங்கள். வழுக்கிச் சுழன்றால் சரி. முரண்டு பிடித்தால் ரிங் மடிந்து கிடக்கிறது, கழற்றிவிட்டு வேறு ரிங் போடுங்கள். பிறகு கனெக்டர்கள், பம்ப் ஃப்யூஸ், பேட்டரி நெகட்டிவ் எல்லாவற்றையும் மாட்டி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து மூன்று விநாடியில் ஆஃப் செய்யுங்கள். நாலைந்து முறை இப்படிச் செய்து, ஒவ்வொரு மூட்டையும் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றுங்கள். ஈரம் பட்டால் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

கேள்வி: டீசல் சிஆர்டிஐ வண்டிக்கும் இதே முறைதானா? (தொண்டி வாசகர்)

பதில்: இல்லை, தொடாதீர்கள். சிஆர்டிஐ என்பது டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் செலுத்தும் முறை, அங்கே அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும், தெறிக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியதுபோலத்தான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. டீசல் பம்ப் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

கேள்வி: தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அடிக்கடி சவாரி போகும் பெட்ரோல் கார். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டும்? (ராமேஸ்வரம் வாசகர்)

பதில்: கோளாறு காட்டாத இன்ஜெக்டரைக் கழற்றவே வேண்டாம். உங்கள் பாதையில் கவனிக்க வேண்டியவை ஏர் ஃபில்டரும் கனெக்டர்களும்தான். மழைக்காலம் முடிந்ததும் கனெக்டர்களைத் திறந்து கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள், வாயிலுள்ள ரப்பர் சீல் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். உப்பைப் போக்க இன்ஜின்மேல் பிரஷர் வாட்டர் அடிக்காமல், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள்.