மூளைச் சக்தி வடிந்துவிடுமா?

கேள்வி: அறிவியல் புனைகதை என்றால் எனக்கு உயிர். சுயநினைவு என்பது மூளையில் ஊறும் ஒருவகைச் சக்தி, அதை உறிஞ்சி இயந்திரத்தில் ஏற்றலாம் என்று ஒரு கதையில் படித்தேன். இரவு 2 மணிவரை பாடம் படித்தால் மறுநாள் காலையில் என் தலையே காலியானதுபோல் இருக்கிறது. நிஜமாகவே சக்தி வடிகிறதா, டாக்டர்? அதைக் கூட்ட மருந்து உண்டா?
- கல்லூரி மாணவர், வயது 20

பதில்: மூளை பெருந்தீனிக்காரன்தான். உடல் எடையில் 2 சதவீதமே இருந்துகொண்டு, ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை விழுங்கிவிடும். வாட் கணக்கில் சுமார் 20. ஒரு எல்இடி டியூப்லைட் அளவு. ஆனால் நீங்கள் கணக்குப் போட்டாலும், விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தாலும் இந்தச் செலவு பெரிதாக மாறாது. நரம்பணுக்களுக்கு உள்ளேயும் வெளியேயும் சோடியம், பொட்டாசியம் அளவைச் சரியாக வைத்துத் தயார் நிலையில் இருக்கவே பெரும்பங்கு போய்விடுகிறது. ஆகவே படித்ததால் எதுவும் வடியவில்லை.

சுயநினைவுக்கு வருவோம். புரோபோஃபால் மயக்க மருந்து கொடுத்தால் மூளையின் குளுக்கோஸ் செலவு ஏறக்குறைய பாதியாகும், நினைவும் போகும். கதாசிரியர் சொன்னது சரிதானோ என்று தோன்றும். அப்படியென்றால் வலிப்பைப் பாருங்கள். உடல் முழுதும் வெட்டி இழுக்கும் நேரத்தில் மூளை வழக்கத்தைவிட மிக அதிகமாக எரிபொருளை எரிக்கிறது. அப்போதும் நினைவு இருப்பதில்லை. லட்சக்கணக்கான அணுக்கள் ஒரே தாளத்தில் கத்தினால் அங்கே பேச்சு ஏது? ஆற்றல் வேண்டும், ஆனால் ஆற்றலே நினைவு ஆகிவிடாது.

உங்களைப் போலவே நினைத்த ஒரு மருத்துவர் இருந்தார். ஜெர்மனியின் ஜெனா நகரில் ஹான்ஸ் பெர்கர். இளவயதில் ராணுவப் பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் தப்பினார். அதே நாளில், தொலைவில் இருந்த அக்காவுக்குத் தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று மனம் பதற, அவர் சொல்லி அப்பா நலம் விசாரித்துத் தந்தி அடித்தார். மனத்தின் சக்திதான் பயணம் செய்தது என்று நம்பி அதைத் தேடிப் புறப்பட்டவர், 1924-ல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். இன்று நாங்கள் எடுக்கும் ஈஈஜி அதுதான். மண்டையின் மேல் கிடைப்பது ஒரு வோல்ட்டில் லட்சத்தில் சில பங்கு. பக்கத்து அறைக்குக்கூடப் போகாது!

உங்கள் தலை காலியாவதற்குக் காரணம் தூக்கமின்மைதான் என்று நினைக்கிறேன். மாத்திரை, பவுடர் எதுவும் வேண்டாம். 12 மணிக்குள் படுங்கள், காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினாலோ, சில விநாடி நினைவு தப்பினாலோ கதையை மூடிவைத்துவிட்டு உடனே ஒரு மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை அளவையும் பார்க்க வேண்டியிருக்கும்.