பி.டி.ஓ. செக்கில் பிரின்சிபல் கையெழுத்துப் போடலாமா?

டெக்சாஸிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மகன் படிக்கும் எலிமென்டரி ஸ்கூலின் பி.டி.ஓ.வுக்கு (பெற்றோர் ஆசிரியர் அமைப்பு) இந்த வருஷம் நான்தான் ட்ரெஷரர். ஃபன் ரன் (பிள்ளைகள் ஓடி நிதி திரட்டும் நிகழ்ச்சி) நடத்தி 18,000 டாலர் சேர்த்திருக்கிறோம். புதிதாக வந்த பிரின்சிபல், வங்கிக் கணக்கில் தன்னையும் சேர்க்கச் சொல்கிறார். டீச்சர்கள் கேட்டால் உடனே வாங்கிக் கொடுக்க 3,000 டாலரை ஸ்கூல் கணக்குக்கு மாற்றவும் சொல்கிறார். நல்ல மனிதர்தான். மறுக்கத்தான் வேண்டுமா?"

கணக்கில் சேர்க்க வேண்டாம். 3,000 டாலரைக் கொடுக்கலாம், ஆனால் அவர் கேட்கிற விதத்தில் வேண்டாம்.

பி.டி.ஓ. பள்ளியின் ஒரு பிரிவு இல்லை. தனி இ.ஐ.என். (வரி எண்), தனி வங்கிக் கணக்கு, பெரும்பாலும் 501(சி)(3) என்ற வரிவிலக்கு அந்தஸ்து, உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய பட்ஜெட் என்று தனியாக நிற்கிற அமைப்பு. பணம் கொடுப்பது நீங்கள், வாங்கிக்கொள்வது பள்ளி. வாங்குகிறவரே செக்கிலும் கையெழுத்துப் போட்டால் அப்புறம் கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள்? நாளைக்கு 200 டாலர் கணக்கில் இடித்தாலும் அவருடைய வேலைக்கே சிக்கல் வரும், அதனால் இந்த மறுப்பு அவருக்கும் பாதுகாப்பு. பள்ளி ஊழியர்கள் பெற்றோர் அமைப்பின் கணக்கில் கையெழுத்திடக் கூடாது என்று விதியே வைத்திருக்கும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்கள் (வட்டாரப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) உண்டு. உங்கள் டிஸ்ட்ரிக்ட் கையேட்டில் அந்த வரி இருந்தால் பேச்சே தேவைப்படாது, பக்கத்தைக் காட்டினால் போதும். (ஊரில் பெற்றோர் ஆசிரியர் கழக வரவு செலவில் தலைமை ஆசிரியர் கையெழுத்து இருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் மரியாதைக் குறைவாகத் தோன்றும். இங்கே அமைப்பே வேறு.)

இந்த இடத்தில் ஒன்றைச் சரிபாருங்கள். உங்கள் வங்கிக் கணக்கு பள்ளியின் வரி எண்ணில் திறக்கப்பட்டிருந்தால் அது பி.டி.ஓ. பணம் என்று வாதாடுவதே கஷ்டம், முதலில் அதை மாற்றுங்கள். கம்பெனியில் பெனிவிட்டி என்ற நன்கொடைத் தளம் வழியாக மேட்சிங் டொனேஷன் (ஊழியர் கொடுப்பதற்கு ஈடாகக் கம்பெனியும் கொடுப்பது) போடுகிற நம் ஊர் அப்பா அம்மாக்கள் உங்கள் பள்ளியில் நிறையப் பேர் இருப்பார்கள். அந்தப் பணம் வருவதும் உங்கள் இ.ஐ.என்.னை நம்பித்தான்.

சரி, பிரின்சிபலுக்கு அப்போது என்ன வேலை? நிறைய இருக்கிறது. பட்ஜெட் போடும் முன்னாலேயே அவரைக் கூப்பிட்டு, எந்த வகுப்புக்கு என்ன தேவை என்று பட்டியல் வாங்குங்கள், அதை அவரை விட நன்றாகச் சொல்ல ஆளில்லை. பள்ளி வளாகத்தில் என்ன நடக்கலாம், எந்தத் தேதியில் நடக்கலாம், பிள்ளைகளை வைத்து எந்த மாதிரி நிதி திரட்டலாம் என்பதெல்லாம் அவர் கையில். நீங்கள் ஓட்டுப் போட்டு விளையாட்டுத் திடலுக்கு நிழல் கூரை வாங்கலாம், அவரும் டிஸ்ட்ரிக்ட்டும் சம்மதிக்காமல் ஒரு கம்பம் கூட நட முடியாது. லேப்டாப் வாங்கினாலும் அப்படித்தான், டிஸ்ட்ரிக்ட் ஐ.டி. ஏற்காத மாடல் அலமாரியில் தூங்கும். வகுப்புக்கு உதவியாளர் வேண்டுமென்றால் நீங்களே சம்பளம் கொடுக்க ஆரம்பிக்காதீர்கள். பணத்தை டிஸ்ட்ரிக்ட்டுக்கு நன்கொடையாகக் கொடுத்தால் அவர்கள் ஆளெடுத்துக்கொள்வார்கள். சுருக்கமாக, பொருளை அவர் வேண்டாம் என்று சொல்லலாம். செக்கை எழுது, எழுதாதே என்று சொல்ல முடியாது.

இப்போது அந்த 3,000. பள்ளியின் கணக்கான ஆக்டிவிட்டி ஃபண்டுக்குப் போன நிமிஷத்திலிருந்து அது பொதுப் பணம், டிஸ்ட்ரிக்ட் விதிப்படி பிரின்சிபல் செலவு செய்வார், நீங்கள் திரும்பக் கேட்க முடியாது. தப்பொன்றும் இல்லை, நன்கொடை என்றால் அதுதான். ஆனால் பெற்றோர் எதற்கென்று நினைத்துக் கொடுத்தார்களோ அதற்குப் போகுமா என்பது உங்கள் கையை விட்டுப் போய்விடும். என் யோசனை: பட்ஜெட்டில் 'பிரின்சிபல் நிதி' என்று 3,000 டாலருக்கு ஒரு வரி சேர்த்து, பொதுக் கூட்டத்தில் ஓட்டுக்கு விடுங்கள். டீச்சர் வாங்குவார், பிரின்சிபல் சரி என்று எழுதி ரசீதோடு அனுப்புவார், நீங்கள் ஒரு வாரத்துக்குள் செக் கொடுப்பீர்கள். அவர் சொல்லும் அவசரத்துக்கு இதுவே போதும். மொத்தமாகத்தான் வேண்டும் என்றால், எந்தக் காரியத்துக்கு என்று கடிதத்தில் எழுதி நன்கொடையாகக் கொடுங்கள். டெபிட் கார்டு மட்டும் கொடுக்காதீர்கள்.

அவருக்கு உண்மையில் வேண்டியது பணம் எங்கே நிற்கிறது என்ற தகவலாகவும் இருக்கலாம். மாதாமாதம் ட்ரெஷரர் அறிக்கையை, வங்கி ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப் பார்த்து, அவருக்கும் அனுப்புங்கள். அந்த ஸ்டேட்மென்ட்டைக் கையெழுத்து அதிகாரம் இல்லாத ஒரு போர்டு உறுப்பினர் முதலில் பார்க்கட்டும். செக்குக்கு இரண்டு கையெழுத்து, ரொக்கம் எண்ண இரண்டு பேர்.

ஐ.ஆர்.எஸ். (வரித் துறை) வேலையும் உங்களுடையதுதான், பிரின்சிபல் நினைவுபடுத்த மாட்டார். ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் என்றால் 990-என் என்ற சிறிய படிவம் போதும், ஆன்லைனில் சில நிமிஷ வேலை. நிதியாண்டு ஜூன் 30-இல் முடிந்தால் கெடு நவம்பர் 15. தொடர்ந்து 3 வருஷம் விட்டால் வரிவிலக்கு அந்தஸ்து தானாகவே ரத்தாகும். போன ட்ரெஷரர் தாக்கல் செய்தாரா என்று இன்றைக்கே கேளுங்கள்.

மறுப்பை நீங்கள் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டாம். 'கையெழுத்து அதிகாரம் பள்ளி ஊழியர் அல்லாத போர்டு உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று போர்டில் தீர்மானம் போட்டு மினிட்ஸில் ஏற்றி, அதை பிரசிடென்ட் தெரிவிக்கட்டும். பழைய பிரின்சிபலின் பெயர் ஏற்கெனவே கணக்கில் இருந்தால், அதே மினிட்ஸை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய் அதையும் நீக்கிவிடுங்கள்.