கரிசலாங்கண்ணியை மணலில் நடலாமா?

கேள்வி: தம்பலகாமத்தில் அம்மாவின் வயல் வரம்பில் கரிசலாங்கண்ணி தானாக முளைத்துக் கிடக்கிறது. ஆடியில் போனபோது பூத்திருந்த நாலு செடியை வேரோடு பிடுங்கி வந்து, உப்புவெளியில் என் வளவில் நட்டேன். காலை மாலை தண்ணீர் ஊற்றியும் ஒரு கிழமைக்குள் கருகிவிட்டன. என்ன பிழை விட்டேன் ஐயா?
– உப்புவெளி வாசகி

பதில்: தண்ணீர் ஊற்றினீர்கள் தங்கச்சி, ஆனால் அதை மணல் குடித்துவிட்டது. தம்பலகாமத்தில் ஆடியிலும் சிறுபோகத்துக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் ஓடும், வரம்பு காயாது. உங்கள் பக்கமோ கடற்கரை மணல், அதோடு அந்த மாதங்களில் கச்சான் காற்று வேறு வறட்டி எடுக்கும். பூத்த செடியை அந்த நேரத்தில் பிடுங்கி நட்டால் அது பிழைப்பதுதான் அதிசயம்.

மாரி தொடங்கியபின், ஐப்பசி கார்த்திகையில் திரும்பச் செய்து பாருங்கள். முழுச்செடி வேண்டாம். நாலு கணு உள்ள தண்டாக நறுக்கி வந்தால் போதும், ஏனென்றால் இது தரையில் படிந்த கணுவிலெல்லாம் வேர்விடுகிற சாதி. பழைய பிளாஸ்டிக் பேசின் ஒன்றில் அடியில் ஓட்டை போடாமல், பக்கத்தில் நாலு விரல் உயரத்தில் போடுங்கள், அப்போது கீழே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். வயல் மண்ணோடு மக்கிய மாட்டெரு கலந்து நிரப்பி, இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி ஊன்றி, தளிர் வரும்வரை கிடுகு நிழலில் வையுங்கள். விதை போடுவதென்றால் காய்ந்த பூத்தலையைக் கையால் கசக்கி ஈர மண்ணின் மேலே தூவிவிடுங்கள், மண் போட்டு மூடக்கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். முதல் தடவை நானும் ஒழுங்காக மூடிவைத்துவிட்டு மூன்று கிழமை வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவன்தான்!

கிணற்றடியில் வைக்கலாமே என்று தோன்றும். சவர்க்காரத் தண்ணீர் ஓடும் இடமென்றால் வேண்டாம், வறை வறுத்துச் சாப்பிடப்போகிற இலை அல்லவா. களைநாசினி அடித்த வயலிலும் பறிக்காதீர்கள். வயல்காரருக்கு இது களை, பிடுங்கி எறிவார்கள். அதையே நாம் தலைக்கு எண்ணெய் காய்ச்சக் கட்டுக்கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

கேள்வி: மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லித் தந்த கொடி மூதூரில் எங்கள் முற்றம் முழுக்கப் படர்ந்துவிட்டது. இலை பளபளவென்று மூன்றாகப் பிரிந்த மாதிரி இருக்கிறது. சாப்பிடலாமா?
– மூதூர் வாசகர்

பதில்: சாப்பிடாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது அழகுக்காகத் தரையில் படரவிடுகிற சிங்கப்பூர் டெய்சி. பெயர்தான் சிங்கப்பூர், பிறந்த இடம் மத்திய, தென் அமெரிக்கா. உண்மையான மஞ்சள் கரிசாலைக்கு இலை நீண்டு ஒடுங்கியிருக்கும், மூன்று பிரிவு வராது. இரண்டும் நெருங்கிய சொந்தம் என்பதால் பூவை மட்டும் பார்த்தால் யாரும் ஏமாறுவார்கள். பிடுங்கும்போது துண்டுகளை வாய்க்காலில் எறிந்துவிடாதீர்கள், ஒரு கணு கிடந்தாலும் அங்கே திரும்ப முளைக்கும். நன்றாகக் காயவைத்து எரியுங்கள்.

கேள்வி: வெள்ளைக் கரிசலாங்கண்ணியைச் சந்தேகமில்லாமல் கண்டுபிடிப்பது எப்படி?
– கிண்ணியா வாசகி

பதில்: எதிரெதிராக இலை, தொட்டால் சொரசொரப்பு, சட்டைப் பொத்தான் அளவுக்கும் சிறிய வெள்ளைப் பூ. அப்புறம் தண்டை ஒடித்துக் கசக்கிக் கொஞ்சம் பொறுங்கள், சாறு கறுத்துக்கொண்டே வரும். அந்தக் காலத்தில் துணியை இந்தச் சாற்றில் தோய்த்துக் காயவைத்து, திரியாக்கி எரித்த கரியில்தான் கண்மை செய்தார்கள். வெட்டுக்காயப் பூண்டும் இதே குடும்பந்தான், ஆனால் அதன் பூ ஒரு சாண் நீளக் காம்பின் நுனியில் தனியே நிற்கும், நடுவும் மஞ்சளாக இருக்கும். கசக்கும்போது கையுறை போடுங்கள், நகக்கண்ணில் ஏறிய கறை இரண்டு நாளைக்குப் போகாது.