அடைப்பு தெரிந்த பிறகும் இன்னொரு ஸ்கேன் எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, காசிமேட்டில் மீன் ஏலம் விடுபவர். இரண்டு மாதத்தில் மூன்று தடவை இடது கை விழுந்துபோய், பத்து நிமிடத்தில் சரியானது. சி.டி. ஆஞ்சியோவில் வலப்பக்கக் கழுத்துத் தமனி முழுதாக அடைத்திருக்கிறது என்றார்கள். தலைத்தோல் தமனியை மூளைத் தமனியோடு இணைக்கும் பைபாஸ் ஆபரேஷன் பற்றி முடிவெடுக்கும் முன் 'டயமாக்ஸ் ஊசி போட்டு ஸ்பெக்ட் ஸ்கேன்' (மூளையின் ரத்த ஓட்டத்தைப் படமாக்கும் ஸ்கேன்) எடுக்கச் சொல்கிறார் டாக்டர். இது அவசியமா? அப்பா தாங்குவாரா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மெட்ரோ வாட்டர் அழுத்தம் குறைந்தால் உங்கள் பக்கத் தெருக்களில் என்ன செய்வார்கள்? வாசலில் பள்ளம் தோண்டி, குழாயைத் தாழ்த்திக் குடம் பிடிப்பார்கள். குடம் நிறைந்துவிடும். ஆனால் அழுத்தம் இன்னும் குறைந்தால் மேலும் தாழ்த்தப் பள்ளத்தில் இடம் இருக்கிறதா? ஆஞ்சியோவுக்குப் பிறகும் பதில் கிடைக்காத கேள்வி இதுதான்.

மூளைத் திசு 100 கிராமுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மி.லி. ரத்தம் வேண்டும். பெரிய தமனி அடைத்தால், மூளைக்குள் இருக்கும் சிறு நாளங்கள் விரிந்துகொடுத்து அந்த அளவைக் காப்பாற்றப் பார்க்கும். பக்கத்துத் தமனிகளிலிருந்தும் ரத்தம் வரும். விரிவதற்கும் எல்லை உண்டு. ஓட்டம் 20 மி.லி.க்குக் கீழே போனால் கை கால் விழும்; 10 மி.லி.யை ஒட்டி இறங்கி அப்படியே நின்றால் திசு செத்துவிடும். ஒரே அளவு அடைப்புள்ள இருவரில் ஒருவருக்கு நாளங்கள் மேலும் விரிய நிறைய கையிருப்பு இருக்கும், இன்னொருவருக்கு ஒன்றுமே இருக்காது. ஆஞ்சியோ படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

டயமாக்ஸ், அதாவது அசிட்டசோலமைடு, நாளங்களை விரியச் செய்யும் மருந்து. பெரியவர்களுக்கு வழக்கமாக 1000 மில்லி கிராம் ரத்தக் குழாயில் மெதுவாக ஏற்றுவார்கள். நல்ல பகுதியில் ஓட்டம் 30 சதவீதமோ அதற்கு மேலோ கூடும். ஏற்கெனவே முழுதாக விரிந்துவிட்ட பகுதியில் ஓட்டம் அதிகமாகாது. சில சமயம் குறையவும் செய்யும்: அண்டை வீடுகளும் குழாயைத் தாழ்த்தினால் உங்கள் குடத்துக்கு வருவதும் போய்விடும் அல்லவா, அதேதான்.

மருந்து ஏற்றி 15–20 நிமிடம் கழித்து டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த ஊசி போடுவார்கள். பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. ஸ்கேன் அரை மணி, ஒரு மணி கழித்துத்தான் நடக்கும். ஆனால் படத்தில் பதிவது ஊசி போட்ட அந்த ஒன்றிரண்டு நிமிட ரத்த ஓட்டம். அப்போது பேசினாலோ, போனைப் பார்த்தாலோ மூளையின் வேறு இடங்கள் தூண்டப்பட்டுப் படம் மாறும். அதனால்தான் ஊசிக்குழாயை முன்கூட்டியே குத்திவிட்டு, மங்கலான அமைதியான அறையில் படுக்க வைக்கிறார்கள். நீங்கள் உள்ளே போய் "வலிக்குதாப்பா?" என்று கேட்காதீர்கள். பிறகு மெஷினில் 20–30 நிமிடம் தலை அசையக் கூடாது. மருந்து இல்லாமல் ஒரு தடவை, மருந்துடன் ஒரு தடவை என்பதால் இரண்டு நாள் வரச் சொல்லலாம். டெக்னீசியத்தின் வீரியம் 6 மணிக்கு ஒருமுறை பாதியாகும். மறுநாள் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

முந்தைய நாளிலிருந்தே டீ, காபி, கோலா, பீடி, சிகரெட், மது கூடாது. ஏலக்கூடத்தில் விடிகாலை டீயை விடுவது கஷ்டம்தான், ஆனால் காஃபின் மூளை நாளங்களைச் சுருக்கிப் பரிசோதனையையே கெடுத்துவிடும். தண்ணீர் குறையவே கூடாது. டயமாக்ஸ் சிறுநீரை அதிகம் போக்கும், உடல் வற்றி பி.பி. இறங்கினால் இவருக்கு அது ஆபத்து. ஆஸ்பிரின், பி.பி. மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கல், ஈரல் சுருக்கம் இருந்தாலோ, கண் அழுத்தத்துக்கு ஏற்கெனவே டயமாக்ஸ் மாத்திரை சாப்பிட்டாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். உதடு, விரல் நுனிகளில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, லேசான தலைவலி வரும், போகும். கை மறுபடி விழுந்தால் உடனே சொல்ல வேண்டும்; அபூர்வம் என்றாலும் நடக்கக்கூடியது. திரும்பும்போது சென்ட்ரலிலிருந்து மெட்ரோ நல்லது. டயமாக்ஸ் போட்டுக்கொண்டு எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் அப்பா பாடு திண்டாட்டம்.

ரிப்போர்ட் வந்ததும் ஒன்றைக் கேளுங்கள்: இடதுபக்கத் தமனி எப்படி இருக்கிறது? ஸ்பெக்ட் பெரும்பாலும் ஒரு பக்கத்தை மறுபக்கத்தோடு ஒப்பிட்டே பார்க்கும். இரண்டு பக்கமும் அடைப்பு என்றால் இரண்டும் சமமாகத் தெரிந்து ஏமாற்றிவிடும்.

கையிருப்பு குறைவு என்று வந்தாலே ஆபரேஷன் என்று முடிவுகட்டாதீர்கள். முழு அடைப்பும் ரத்த ஓட்டக் குறைவும் உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த காஸ் (COSS) என்ற கழுத்துத் தமனி அடைப்பு ஆபரேஷன் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. பைபாஸ் செய்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கும், மருந்தில் மட்டும் இருந்தவர்களில் 2 சதவீதம் பேருக்கும் முதல் 30 நாளில் பக்கவாதம் வந்தது. இரண்டு வருடக் கணக்கில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே மருந்துகளைச் சரியாகச் சாப்பிட்டும் கை விழுவது தொடர்கிறதா என்பது ஸ்கேன் அளவுக்கே முக்கியம். மூளைக்குப் போகும் தமனிகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும் மோயாமோயா நோய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே பைபாஸுக்கு நல்ல இடம் உண்டு. கழுத்துத் தமனி முழுதாக மூடாமல் 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கி, அறிகுறியும் காட்டியவர்களுக்கோ, இந்த ஸ்கேனுக்காகக் காத்திருந்து ஆபரேஷனை இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளக் கூடாது.

ஸ்கேன் தேதிக்குள் முகம் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ சரியாகட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு.