ஜேசிபி வருவதற்கு முன்: மண் வேலை பற்றி செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகள்

கோட்டையூர் பக்கம் ஒரு காலிமனை இருக்கிறது. மேடு பள்ளத்தைச் சரி செய்ய ஒருவர் மணிக்கணக்கிலும் இன்னொருவர் மொத்தமாகவும் கூலி சொல்கிறார். எது நல்லது?

வேலையைப் பொறுத்தது. முள் தள்ளுவது, இருக்கிற மண்ணையே இழுத்துப் பரப்புவது என்றால் மணிக்கணக்கு சரி. வெளியிலிருந்து மண் அடிப்பது என்றால் யூனிட் (100 கன அடி) கணக்குதான். தோண்டுவதாக இருந்தால் யோசிக்க வேண்டும். நம் பக்கத்தில் மேலே செம்மண், கொஞ்சம் இறங்கினால் சரளை, அதற்கும் கீழே செம்புறாங்கல். இந்தக் கல் வெயில் காற்றுப் பட்டு இறுகும் ஜாதி. சித்திரை வைகாசியில் பக்கெட் பல் சுரண்டிக்கொண்டே இருக்கும், மீட்டரும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு மூலையில் சோதனைக் குழி போட்டுப் பார்த்துவிட்டுக் கூலி பேசுங்கள்.

மணிக்கணக்கு என்று முடிவானால் நாலு விஷயம் முன்கூட்டியே கேளுங்கள். குறைந்தபட்சம் எத்தனை மணி நேரக் கூலி, வண்டி வந்து போகிற செலவு யாருடையது, டிரைவர் பேட்டா உண்டா, டிப்பருக்காகக் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி உண்டா. பணம் போவது கடைசிக் கேள்வியில்தான். இரண்டு டிப்பரை வைத்துக்கொண்டு நாலு கிலோமீட்டர் தள்ளி மண் கொட்டினால், டிப்பர் திரும்பும்வரை ஜேசிபி சும்மா உறுமிக்கொண்டு நிற்கும். அந்த உறுமலுக்கும் நீங்கள்தான் காசு கொடுப்பீர்கள். மூன்றாவது டிப்பருக்குக் கூடுதலாகக் கொடுத்தாலும் மொத்தத்தில் மிச்சம். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் வண்டியின் மணி மீட்டரை போனில் படம் எடுத்து வையுங்கள். தப்பாக நினைக்க மாட்டார்கள், எல்லோரும் செய்வதுதான்.

5 சென்ட் மனையை 2 அடி உயர்த்த எத்தனை லோடு மண் வேண்டும்? ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள். (புதுவயல்)

5 சென்ட் என்பது 2,178 சதுர அடி. 2 அடிக்கு 4,356 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட், ஆக 44 யூனிட் என்று தோன்றும். ஆனால் வண்டியில் வருவது உதிரி மண். தண்ணீர் விட்டு இறுக்கினால் அமுங்கும். 20 முதல் 30 சதவீதம் கூடுதலாக, 55 யூனிட் வரை வைத்துக்கொள்ளுங்கள்.

‘மூணு யூனிட் வண்டி’ என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். டேப்பை எடுத்து டிப்பரின் உள்ளளவைப் பாருங்கள். நீளம் 11, அகலம் 7, உயரம் 3 அடி என்றால் 231 கன அடி, அதாவது இரண்டே கால் யூனிட்டுக்குச் சற்று மேல். குவியலாக ஏற்றினால்கூட மூன்று வருவது கஷ்டம். முதல் லோடு இறங்கும் முன்பே அளந்து பேசிவிட்டால் சண்டை இல்லை.

அப்புறம், 2 அடியையும் ஒரேயடியாகக் கொட்டி ஜேசிபி சக்கரத்தால் மேலே நாலு ஓட்டு ஓட்டிவிட்டுப் போவார்கள். அது இறுகியதாகக் கணக்கில்லை. அரை அடி, முக்கால் அடியாகப் பரப்பி, நனைத்து, ரோலர் விட்டு, அதன் மேல் அடுத்த அடுக்கு. இதை ஒப்பந்தத் தாளில் எழுதச் சொல்லுங்கள். எப்படி இறுக்கினாலும் வீட்டு அஸ்திவாரம் அடித்த மண்ணில் நிற்கக் கூடாது, பழைய தரைக்குக் கீழே போக வேண்டும்.

எங்கள் மனையைத் தெருவை விட 3 அடி உயர்த்தச் சொல்கிறார் கான்ட்ராக்டர். பக்கத்து வீட்டு ஆச்சி, “மழைத் தண்ணியெல்லாம் எங்க வாசலுக்குத்தானப்பா வரும்” என்கிறார். யார் சொல்வது சரி? (பள்ளத்தூர்)

ஆச்சி சொல்வதுதான்.

நகரத்தார் வீடுகளைப் பாருங்கள். உயர்த்தியது வீட்டின் அடித்தளத்தை, ஏழெட்டுப் படி ஏறித்தான் திண்ணைக்கே போக வேண்டும். வளவில், அதாவது வீட்டு நடுவிலுள்ள திறந்த முற்றத்தில், விழும் மழைக்குத் தனி வழி இருக்கும், தெருவின் வாட்டம் (சரிவு) ஊருணிப் பக்கமாக இருக்கும். இப்போது மனை முழுவதையும் மேடாக்கி, சுற்றிலும் மதில் எழுப்பி, ஓர் ஓரத்தில் பைப் வைத்துத் தண்ணீரை அடுத்தவர் பக்கம் தள்ளுகிறோம். நாளைக்கு அவரும் 4 அடி உயர்த்துவார்.

நான் சொல்வது: வீடு வரும் இடத்தை மட்டும் உயர்த்துங்கள். 1,000 சதுர அடி வீடு என்றால் 5 சென்ட் மனையில் மண் செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும். மிச்ச இடத்துக்கு வாட்டம் கொடுத்தால் போதும். சுவரிலிருந்து 10 அடிக்கு இரண்டு, மூன்று அங்குலம் சரிவு. கண்ணால் பார்த்து ‘லெவல் வந்துருச்சு’ என்று டிரைவர் தம்பி சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கொத்தனாரிடம் தண்ணீர் டியூப் இருக்கும், அதை நாலு மூலையிலும் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய இடம் என்றால் ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் கருவி) வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, புலப்படத்தை (சர்வே எண்ணுக்கான நில அளவை வரைபடம்) வாங்கிப் பாருங்கள். வரத்துக்கால் (கண்மாய்க்கு நீர் வரும் கால்வாய்), ஓடை எதுவும் உங்கள் மனையை ஒட்டிப் போகிறதா என்று அதில் தெரியும். இன்று காய்ந்து கிடக்கிறதே என்று அதன் மேல் மண் அடித்தால் நீர்நிலை ஆக்கிரமிப்பாகிவிடும். கான்ட்ராக்டர் கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார், நோட்டீஸ் வருவது உங்கள் பெயருக்கு. எல்லைக்கல் காணவில்லை என்றால் சர்வேயரை வைத்து அளந்து கல் நட்ட பிறகே வண்டி.

சிங்கப்பூரில் இருக்கிறேன். கானாடுகாத்தானில் உள்ள பூர்விக வீட்டின் பின்கட்டுக்குப் பின்னால் செப்டிக் டேங்க் தோண்ட வேண்டும். ஜேசிபி விடலாமா?

முதலில் வண்டி உள்ளே போகுமா என்று யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். ஏழரை அடிக்கு மேல் வழி இல்லையென்றால் மினி வண்டியோ ஆள் வைத்துத் தோண்டுவதோதான். ‘ஒரு பக்கத் தூணை எடுத்துட்டா போயிரலாம்’ என்பார்கள், சம்மதிக்காதீர்கள்.

அந்தச் சுவர்கள் சுண்ணாம்புக் கட்டு, சிமென்ட் கிடையாது. எவ்வளவு ஆழம் தோண்டுகிறீர்களோ, சுவரிலிருந்து குறைந்தது அவ்வளவு தூரமாவது தள்ளித் தோண்ட வேண்டும். பாறை தட்டினால் அதை உடைக்கும் பிரேக்கரைப் போடாமல் இடத்தை மாற்றுங்கள். குழி 5 அடிக்கு மேல் போனால் பக்கங்களைச் சரித்தோ பலகை முட்டுக் கொடுத்தோதான் ஆளை இறக்க வேண்டும். பழைய கொல்லைகளில் மூடிய கிணறும் மண்ணுக்குள் போகும் வடிகாலும் இருப்பதுண்டு. 7 டன் வண்டி அதன் மேல் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊரில் இருக்கும் பெரியவரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

தேவகோட்டை அருகே 2 ஏக்கர், முழுக்கச் சீமைக்கருவேலம். விறகை எடுத்துக்கொண்டு இலவசமாகச் சுத்தம் செய்து தருகிறேன் என்கிறார் ஒருவர்.

விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் விலை இருப்பதால் அவருக்கு நஷ்டமில்லை. உங்களுக்கு நஷ்டம் வரும் இடம் வேர். அவர் தரையோடு அறுத்துக்கொண்டு போனால் அடுத்த மழையில் ஒன்றுக்கு நாலாகத் தழைக்கும். தூரோடு பிடுங்கி, குழியை மூடி, நிரவித் தருவதாக எழுதி வாங்குங்கள். நடுவில் பனைமரம் இருந்தால் கைவைக்கக் கூடாது, வெட்டுவதற்குக் கலெக்டர் அனுமதி வேண்டும்.

கண்மாய் மண் மலிவாகக் கிடைக்கிறது. மனைக்கு அடிக்கலாமா?

கூடாது. அது வண்டல், வயலுக்கு நல்லது. வீட்டுக்குக் கீழே போட்டால் ஈரத்தில் உப்பும், வெயிலில் வெடிக்கும். விவசாயத்துக்கு என்று தாசில்தாரிடம் அனுமதி வாங்கி எடுத்த மண்ணை மனைக்குத் திருப்பிவிடுவது சட்டப்படியும் தப்பு. எந்த மண் வந்தாலும் லாரியில் நடைச்சீட்டு (மண்ணைக் கொண்டுபோவதற்கான அனுமதிச் சீட்டு) இருக்கிறதா என்று பாருங்கள்.

அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்?

டீசலுக்கு ஆகும் அளவுக்கு. மீதியை வேலை நடக்க நடக்கக் கொடுங்கள். பத்தில் ஒரு பங்கை ஒரு நல்ல மழை பெய்து தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்கும்வரை நிறுத்தி வையுங்கள். இதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், கடைசியில் சொன்னால் மனஸ்தாபம்.

ஆடியில் மண் அடிக்கலாமா? வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்.

வாஸ்து பூஜை ஆடியில் வேண்டாம், சரி. மண் அடிப்பதற்கு என்ன? மற்றவர்கள் வேலை தொடங்காத மாதம் என்பதால் வண்டி கேட்ட நாளில் கிடைக்கும், கூலியிலும் பேச இடமிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் நனைந்து படிந்துவிடும். தையில் அஸ்திவாரம் தோண்டிக்கொள்ளுங்கள்.